வழியனுப்பப் போன ஐந்து நாள்

ஊர் திரும்பி மூன்று நாளாகிறது. பிடரி இன்னும் எரிகிறது. மூன்று தடவை அலசியும் காற்சட்டையின் விளிம்பில் இருக்கும் உப்புக் கோடு போகவில்லை.

கோடியக்கரைக்கு இது என் ஏழாவது பயணம். முந்தைய ஆறும் மார்கழி, தை மாதங்களில். பறவை பார்க்கக் கூட்டம் வருவதும் அப்போதுதான். பொங்கல் நாள் பறவைக் கணக்கெடுப்புக்குத் திருச்சியிலிருந்து போவோம், பார்த்ததை எழுதிக்கொண்டு திரும்புவோம். இந்த வருடம் மாசிக் கடைசியில் வேதாரண்யத்துப் பறவை நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் அவர். எங்கள் எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான். "வந்ததைப் பாக்க எல்லாரும் வர்றீங்க. போறதைப் பாக்க ஒருத்தராச்சும் வந்திருக்கீங்களாம்மா?"

இல்லை. நாலு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

27 மார்ச் 2025, வியாழன்

திருத்துறைப்பூண்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பேருந்து நின்றுவிட்டது. பெல்ட் அறுந்துவிட்டதாம். மணி இரண்டு. காற்றில் ஈரம் இருந்தது, அசைவு இல்லை. முல்லை அரும்பை விற்றுவிட்டு வெறுங்கூடையோடு திரும்பிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் என்னைத் தங்கள் பக்கம் அழைத்து உட்கார வைத்தார்கள். ஒற்றைப் பூவரசு நிழல், அதில் மூன்று பேர். "கஜாவுக்கு முன்னாடி இந்த ரோட்டுல நிழலுக்குப் பஞ்சமே இல்லக்கா. தென்னையும் மாமரமும் ஒரே ராத்திரியில போச்சு" என்றாள் இளையவள். 2018 நவம்பர் 16, கஜா புயல் கரை கடந்த நாள். அவள் தேதியைச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் எல்லாக் கதையும் கஜாவுக்கு முன், கஜாவுக்குப் பின் என்றுதான் ஓடுகிறது.

மாற்றுப் பேருந்து வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதற்குள் எதிரே மின்கம்பியில் தகைவிலான் குருவிகள் வந்து உட்காரத் தொடங்கின. நூற்று நாற்பது வரை எண்ணினேன். தையில் குட்டையாகவும் பிய்ந்தும் இருந்த வால்கள் இப்போது இரண்டு கம்பிகளாக நீண்டிருந்தன. எல்லாம் ஒரே திசையில் முகம் வைத்து, சிறகைக் கோதிக்கொண்டு, ஒரு நிமிடம்கூடச் சும்மா இராமல். "தெனமும் கூடுதுங்க, ஒரு வாரமா. அப்புறம் ஒருநாள் கம்பி காலியா கெடக்கும்" என்றாள் மூத்தவள். அவர்கள் இறங்குகிற இடத்தில், மடியில் மிச்சம் வைத்திருந்த அரும்பில் ஒரு கைப்பிடியை என் கையில் திணித்துவிட்டுப் போனார்கள்.

விடுதி அறை எழுநூறு ரூபாய். மின்விசிறி சுற்றியது. அது போதும்.

மாலை வாத்தியார் வீடு. அவர் மனைவி சுக்குக் காபியும் அவித்த பனங்கிழங்கும் கொடுத்தார். வாத்தியார் பீரோவிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். கணக்குப்பிள்ளைகள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரம் பறவையின் பெயர், பிறகு இரண்டே கட்டம்: முதல், கடைசி. அந்தப் பருவத்தில் முதன்முதலாகக் கண்ணில் பட்ட நாள், கடைசியாகப் பட்ட நாள். 2007இல் பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தினர் நாடு முழுக்க வலசைப் பறவைகளின் வருகைத் தேதியைச் சேகரிக்கத் தொடங்கினார்களே, அதைக் கேள்விப்பட்டு ஆரம்பித்த பழக்கம் என்றார்.

"முதல் தேதி எழுத ஒரு நிமிஷம் போதும். இன்னைக்கு வந்துச்சு, எழுதிட்டேன். கடைசி தேதி அப்படியில்லம்மா. அன்னைக்கு அது கடைசின்னு நமக்குத் தெரியாது. மறுநாள் போகணும், இல்லை. அதுக்கு மறுநாள் போகணும், இல்லை. ஒரு மாசம் இல்லாததைப் போய்ப் பாத்தாத்தான் கடைசின்னு எழுத முடியும்."

'முதல்' கட்டம் முழுக்கப் பேனா. 'கடைசி' கட்டம் முழுக்கப் பென்சில். சில இடங்களில் அழித்து அழித்துக் காகிதம் மெலிந்து, பின்பக்கத்து எழுத்து தெரிந்தது.

இரவு எட்டு மணிக்கு மேல் அவருடைய தொலைபேசி வேலை செய்யத் தொடங்கியது. சுற்றுவட்டாரத்தில் எட்டுப் பேர் தினமும் பார்த்ததைக் குரலில் பேசி அனுப்புகிறார்கள். உப்பளத்துக்காரர், மீனவர், கல்லூரிப் பையன், மருந்துக்கடையில் நிற்கும் ஒரு பெண். "சார், இன்னிக்குக் கருவால் மூக்கன் நாப்பது. நேத்து அறுபத்தஞ்சு." அவ்வளவுதான் செய்தி. வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பென்சிலால் எழுதினார்.

28 மார்ச், வெள்ளி

அதிகாலை ஐந்தேகாலுக்குக் கல்லூரிப் பையன் வண்டியோடு வாசலில் நின்றான். அவன் அம்மா உப்பளத்தில் உப்பு வாருபவர். அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூணைத் தாண்டும்போது இன்னும் இருட்டு. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜியோடு நடந்து வந்தவர்கள் இதே வெயிலில்தான் வந்திருப்பார்கள் என்று அன்றைக்கு மத்தியானம் நினைத்துக்கொண்டேன், அதிகாலையில் தோன்றவில்லை.

வெளிச்சம் வந்ததும் தொலைநோக்கியை வைத்தேன். சில நிமிடங்கள் எனக்கு எதையும் அடையாளம் சொல்ல வரவில்லை.

தையில் இங்கே நிற்கும் உள்ளான்கள், சேற்றில் மேயும் சின்னக் கரைப்பறவைகள், எல்லாம் விபூதி பூசியது போல ஒரே சாம்பல். அலகின் வளைவையும் காலின் நிறத்தையும் வைத்துத் தடுமாறித்தான் பிரித்துச் சொல்வோம். இப்போது அதே உப்புப் பாத்தியில், அதே சேற்றில், குங்குமம் கொட்டியிருந்தது. வளைமூக்கு உள்ளானின் நெஞ்சில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக ஏறிக்கொண்டிருந்தது. சிலவற்றில் பாதி, சிலவற்றில் கழுத்து வரை. மணல் உப்புக்கொத்திகளின் மார்பில் ஆரஞ்சுப் பட்டை. கருவால் மூக்கனின் தலையும் கழுத்தும் காவி. பழுப்புத்தலைக் கடற்காகம் தன் பெயருக்குப் பொருத்தமாக இருந்ததை நான் முதல்முறை பார்த்தது அன்றுதான். குளிர்காலத்தில் அதன் தலை வெள்ளை, காதருகே ஒரு பொட்டுதான் இருக்கும்.

"வயித்தப் பாருங்கக்கா" என்றான் பையன். எல்லாம் உருண்டு திரண்டிருந்தன. வளைமூக்கு உள்ளானின் சாதாரண எடை ஐம்பது அறுபது கிராம்தான். கிளம்பும் முன் தின்று தின்று, அதில் பாதியளவு கொழுப்பை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். வழிச்செலவுக்கு அதுதான். அவை முட்டையிடுவது சைபீரியாவின் வட விளிம்பில், தைமிர் தீபகற்பத்துப் பனிச்சமவெளியில். இந்தப் பாத்தியிலிருந்து நேர்கோடு போட்டால்கூட ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல். மணல் உப்புக்கொத்தியும் கடற்காகமும் லடாக், திபெத் மேட்டுநிலத்துக்குப் போகும். ஒரே பாத்தியில் தோளுரசி மேய்கிற இவை ஜூன் மாதத்தில் எங்கெங்கோ இருக்கும்.

ஒன்பது மணிக்கே உப்பின் வெளிச்சம் கண்ணைக் கூசியது. வரப்பில் நடக்கும்போது செருப்பின் வார் அறுந்து, உப்பு விளிம்பில் உள்ளங்கால் கிழிந்தது. சிறிய காயம்தான், ஆனால் பாத்தித் தண்ணீர் பட்டதும் உயிர் போய் வந்தது. பையனின் அம்மா பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். தூக்குவாளியில் கொண்டுவந்திருந்த குடிதண்ணீரை என் காலில் ஊற்றினார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. உப்பளத்தில் குடிதண்ணீர் வீட்டிலிருந்து சுமந்து வந்தது. தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டு, "உக்காருங்க, சோறு தின்னுட்டுப் போகலாம்" என்றார். பழைய சோறு, சின்ன வெங்காயம், சுட்ட வாளைக் கருவாடு. நான் தின்ற அளவைப் பார்த்து மனத்தாங்கலோடு இன்னும் ஒரு கை வைத்தார்.

உள்ளான்களைப் பற்றி அவரிடம் கேட்டேன். பேர் எல்லாம் மகனுக்குத்தான் தெரியும் என்றார். "ஆனா செவப்பு ஏறுச்சுன்னா ஊருக்குக் கெளம்பப்போவுதுன்னு அர்த்தம். அது எங்களுக்கும் தெரியும்."

மாலை தோப்புத்துறை. நோன்புக் காலத்தின் கடைசி நாட்கள். கடைத்தெருவில் பைநிறைய நோன்புக் கஞ்சியும் இரண்டு வடையும் முப்பது ரூபாய்க்குக் கிடைத்தன. நின்றபடி குடிக்கப் போன என்னைப் பெரியவர் ஒருவர் தன் கடைத் திண்ணையில் உட்கார வைத்து, ஒரு கிண்ணமும் கொடுத்தார். இஞ்சியும் வெந்தயமும் மணக்கும் அந்தக் கஞ்சி, நாளெல்லாம் வெயிலில் நின்ற வயிற்றுக்கு அத்தனை இதம். பாங்கு கேட்கும்வரை அவர் ஒரு வாய் தொடவில்லை. நான் குடித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

29 மார்ச், சனி, அமாவாசை

கோடியக்கரை ஆதிசேதுவில் காலையிலேயே முழுக்குப் போடுபவர்கள். தை அமாவாசைக் கூட்டம் இல்லை, ஐம்பது அறுபது பேர் இருக்கலாம். கடற்கரையோரம் வலைக் குடிசையில் வாத்தியார் ஒரு முதியவரிடம் அழைத்துப் போனார். வயது எழுபத்தைந்துக்கு மேல். எண்பதுகளில் பறவையியலாளர் சாலிம் அலியின் வழிகாட்டலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் இங்கே பறவைகளுக்கு வளையம் போட்டபோது வலை கட்டும் வேலையில் இருந்தவர். அதற்கு முன்பு விற்பதற்காக வலை கட்டியவர். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார், மறைக்கவில்லை.

"அமாவாசை இருட்டுலதான் வலை கட்டுவோம். நெலா இருந்தா வலை அதுங்க கண்ணுக்குத் தெரிஞ்சிடும். முட்டளவு சேறு. விழுந்த உள்ளானை எடுக்கறது லேசில்லம்மா. காலு ஈர்க்குச்சி மாதிரி. அப்புறம் சுண்டுவெரல் நகத்தளவுக்கு ஒரு மோதிரம். பம்பாய்க்குத் தகவல் சொல்லுன்னு அதுல எழுதியிருக்கும்."

அடுத்த வருடம் அதே மோதிரத்தோடு அதே பறவை வலையில் விழுந்ததைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "விழுந்திருக்கு. அதுக்கப்புறம் கறிக்கு வலை கட்ட மனசு வரல" என்றார். முன்பெல்லாம் கூட்டம் எழும்பினால் வெயில் மறையும், இப்போது அப்படி இல்லை என்றார். நன்னீர் வரத்து குறைந்துபோனது ஒரு காரணம் என்று வாத்தியார் சொல்வார். இங்கே 38,500 ஹெக்டேர் பரப்பை 2002இல் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்புநிலமாக, அறிவித்தார்கள். பெயர்ப்பலகை நன்றாகத்தான் இருக்கிறது. தண்ணீரும் சேறும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க இந்த எட்டுப் பேர் போதாது.

மதியம் ஒரு வீட்டுச் சாப்பாட்டுக்கடை. கொடுவா மீன் குழம்போடு சாப்பாடு நூற்றுப் பத்து ரூபாய். குழம்பில் மாங்காய் போட்டிருந்தார்கள். இரண்டாம் முறை கேட்காமலே ஊற்றினார்கள்.

அனுமதி வாங்கிக் காட்டுக்குள் போன வண்டி, இராமர் பாதம் போகும் வழியில் பஞ்சரானது. மாற்றுச் சக்கரமும் காற்றில்லாமல் கிடந்தது. ஓட்டுநர் தம்பி வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருவர் ஊருக்குப் போய்ச் சக்கரம் கொண்டுவரும்வரை வண்டியருகிலேயே இருந்தோம். பாலை மரங்களின் அடியில் நல்ல நிழல். வெளிமான் ஒன்று, முறுக்குக் கொம்போடு, தூரப் புல்வெளியில் நின்று எங்களையே பார்த்தது. 1967இல் இந்தச் சரணாலயமே வெளிமானுக்காகத்தான் வந்தது.

ஆறு மணி ஆகப்போகும்போது கிளாப் புதருக்கு அடியிலிருந்து இரண்டு சுரத்தில் ஒரு சீட்டி. ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் வந்த பேர். சருகைப் புரட்டிக்கொண்டு குதித்து வெளியே வந்தது. பச்சை முதுகு, கண்ணில் மைப்பட்டை, வாலடியில் சிவப்பு. தென்னாட்டிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு நடு இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் போகிற பறவை. வழியில் இந்தக் காடு அதற்கு ஒரு சத்திரம். பதினைந்தடி தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தது அதற்குப் பொருட்டாகவே இல்லை. பசி அப்படி. வண்டி ஓடியிருந்தால் நான் அதைப் பார்த்திருக்க மாட்டேன். ஓட்டுநர் தம்பியிடம் அதைச் சொன்னபோதுதான் அவர் முகம் தெளிந்தது.

30 மார்ச், ஞாயிறு

காலையில் மீனவர் குரல் அனுப்பியிருந்தார்: "சார், சோழகம் எழும்பிடுச்சு." தெற்கிலிருந்து வரும் காற்று. வடக்கே போகிறவற்றுக்கு முதுகில் கை வைத்துத் தள்ளுகிற காற்று.

மாலை நாலரைக்குச் சதுப்பின் கரையில் ஐந்து பேர் கூடினோம். வாத்தியார், பையன், மீனவர், மருந்துக்கடைப் பெண், நான். பையன் பொரி உருண்டை கொண்டுவந்திருந்தான். தூரத்தில் பூநாரைகள் கோடு போட்டது போல நின்றன. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அவற்றை அல்ல, எண்பது மீட்டரில் சேற்றில் இருந்த வளைமூக்கு உள்ளான் கூட்டத்தை.

நாளெல்லாம் தலை தூக்காமல் மேய்ந்தவை அவை. ஐந்து மணி சுமாருக்கு மேய்ச்சலை நிறுத்தின. குளித்தன. இறகு கோதின. பிறகு பேச்சு ஆரம்பமானது. தனித்தனியாகக் கேட்டால் மெல்லிய 'ச்சிர்ரிப்'. நூறு தொண்டையில் அது கொதிக்கும் உலை போல இருந்தது. திடீரென்று முப்பது எழும்பும், வட்டமடிக்கும், இறங்கிவிடும். மறுபடி ஐம்பது. அதில் பத்து பிரிந்து இறங்கும். சிவப்பு ஏறாதவை எழும்பவே இல்லை. யாரும் பேசவில்லை. மீனவர் மட்டும் ஒரு விரலை நனைத்துக் காற்றில் பிடித்துப் பார்த்துக்கொண்டார்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு எழும்பியது இறங்கவில்லை. ஒரு வட்டம், இரண்டு வட்டம். ஒவ்வொரு சுற்றிலும் மேலே. நான் தொலைநோக்கியில் பின்தொடர்ந்தேன். கீழே பார்க்கும்போது சாம்பல் முதுகாகத் தெரிந்தவை, சாய்ந்த வெயில் அடிவயிற்றில் பட்டதும் ஒரே செம்பாக மின்னின. நான்காவது சுற்றில் கூட்டம் அவிழ்ந்தது. கலைந்த கூந்தலைச் சீவி விட்டதுபோல ஒரு சாய்கோடு, பிறகு இரண்டு. கோடு வடக்கே திரும்பியது. இரண்டு பறவைகள் மட்டும் பிரிந்து கீழே வந்து, சேற்றில் இறங்கி, தலையை உயர்த்திப் பார்த்துக்கொண்டு நின்றன.

பையன் எண்பத்து நான்கு என்றான். மருந்துக்கடைப் பெண் எண்பத்தாறு. வாத்தியார் எண்ணவில்லை. கூட்டம் கண்ணுக்குத் தூசியாகி, தூசியும் மறைந்த பிறகும் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் பார்வையைவிடக் கொஞ்ச நேரம் அதிகமாகக் கேட்டது. மீனவர் கையை வாயருகே குவித்து, படகை அனுப்புகிற குரலில், "போயிட்டு வாங்க" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. இருபது வருடமாகப் பறவை பார்க்கிறேன். வந்து நிற்பதை மட்டுமே பார்த்திருக்கிறேன். சேற்றில் குனிந்து நின்ற அந்தச் சாம்பல் உருண்டைகளுக்குள் இப்படி ஒரு புறப்பாடு இருந்ததை ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு இருட்டும்வரை இன்னும் இரண்டு கூட்டங்கள். ஒன்று கருவால் மூக்கன், பதினேழு. மற்றது என்னவென்று தெரியவில்லை, குரல் மட்டும்தான் தலைக்கு மேல் போனது. வாத்தியார் நோட்டில் 'குரல் மட்டும்' என்றே எழுதினார்.

31 மார்ச், திங்கள்

இன்று பெருநாள். தோப்புத்துறை வழியாகப் போகும்போது புத்தாடையில் குழந்தைகள். திண்ணைக்காரப் பெரியவர் என்னை அடையாளம் கண்டு ஆட்டோவை நிறுத்தினார். வட்லாப்பம் ஒரு சம்படத்தில். சம்படத்தை எப்படித் திருப்பித் தருவது என்றேன். "அடுத்த வாட்டி வருவீங்கல்ல" என்றார்.

பேருந்துக்கு முன் ஒருமணி நேரம் இருந்தது. வாத்தியாரோடு அதே கரைக்குப் போனேன். நேற்றுக் கூட்டம் இருந்த சேற்றில் இருபத்தாறு வளைமூக்கு உள்ளான்கள். அவற்றில் பத்தொன்பது சாம்பல். ஒரு துளி சிவப்பில்லை.

"இதுங்க போன வருஷத்துக் குஞ்சுங்கம்மா. இந்தக் கோடையில இங்கேயேதான் கெடக்கும். கத்திரி வெயிலு, அனல்காத்து எல்லாத்தையும் இதே சேத்துல பாத்துடும். பெருசுங்க ஆடி, ஆவணியில திரும்பி வர்றப்ப இதுங்க இங்கயே நிக்கும்." ஒரு நிமிடம் கழித்து, "அதனால இந்தப் பக்கத்துல எனக்குக் கடைசின்னே ஒண்ணு எழுத வர்றதில்ல. செவப்பு ஏறினதுக்கு மட்டும் தனியா கணக்கு வச்சிருக்கேன்."

மற்ற ஏழும் சிவப்பு ஏறியவை. நேற்று மாலை பிரிந்து இறங்கிய இரண்டும் அதில் இருந்தனவா என்று சொல்ல வழியில்லை.

அவர் நோட்டை முழங்காலில் விரித்தார். வளைமூக்கு உள்ளான், சிவப்பு, கடைசி என்ற கட்டத்தில் மார்ச் 30 என்று நேற்று இரவு எழுதியிருந்தார். சட்டைப்பையிலிருந்து ரப்பரை எடுத்து, கிழிந்துவிடாமல் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, 31 என்று எழுதினார்.

இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது அவருடைய குரல் வந்தது. "இன்னைக்குச் செவப்பு நாலும்மா."